காரின் மேனி



கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகச் சென்று கோமுகி அணையைக் கடந்தால், கல்வராயன் மலையின் ஏற்றம் தொடங்கிவிடும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான அது, 2000 அடிக்கும் மேலாக உயர்ந்து நிற்பது. வெள்ளிமலைக்குச் செல்லும் வளைந்த பாதையில் ஏறி இறங்கிய எந்தக் காரும் புறப்பட்ட நிறத்தோடு வீடு திரும்புவதில்லை. கோடையாயின் செம்புழுதி, மழையாயின் செஞ்சேறு. அந்தப் புழுதியைப் பற்றியும், அதைத் துடைக்கப் போய் நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும் இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். என் அண்ணன் கடன்பட்டு ஒரு கார் வாங்கி, அதை வாடகைக்கு ஓட்டிவந்தார். கரிய நிறக் கார். முகம் பார்க்கலாம் போல் பளபளக்கும். ஒருநாள் மலைக்குச் சென்று இரவு வெகுநேரம் கழித்துத் திரும்பியவர், சோறுகூட உண்ணாமல் படுத்துவிட்டார். மறுநாள் காலையில் ஒரு திருமணத்துக்கு மாப்பிள்ளையை அழைத்துவர அந்தக் காரைப் பேசியிருந்தார்கள். அண்ணனுக்கு உதவி செய்வோம் என்று எண்ணி, நான் விடியுமுன் எழுந்தேன். தண்ணீர் ஊற்றினால் புழுதி சேறாகிவிடும் என்று கருதி, பழைய வேட்டித் துணி ஒன்றால் கார் முழுவதையும் உலர்ந்தபடியே அழுத்தித் துடைத்தேன். புழுதி போயிற்று; கார் பளபளத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சூரியன் எழுந்ததும் அந்தப் பெருமை மறைந்தது. பானட்டின்மேல் வெயில் விழுந்த இடத்தைச் சுற்றி, சிலந்தி வலை பின்னியதுபோல் ஆயிரக்கணக்கான நுண்ணிய கீறல்கள் மின்னின. திருமண வீட்டார் வந்து பார்த்தார்கள். “பரவாயில்லை, பூச்சரத்தால் மறைத்துக்கொள்ளலாம்” என்றார்கள். அண்ணன் என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அவர் கடிந்திருந்தால் நான் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன். அந்த மௌனந்தான் என்னை அன்று மாலையே ஒரு பெயிண்டர் பட்டறைக்கு அனுப்பிற்று.

பட்டறையில் இருந்த பெரியவர் காரைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு, “தம்பி, இதை மலைப்புழுதி கெடுக்கவில்லை; உன் கைதான் கெடுத்தது. புழுதி சும்மா படுத்திருந்தது. நீதான் அதைத் தேய்த்தாய்” என்றார். அன்று அவர் சொல்லிக்கொடுத்ததையும், பின்னர் நான் படித்து அறிந்ததையும் சேர்த்தே இப்போது சொல்கிறேன்.

காரின் தகட்டின்மேல் ஒரே ஒரு பூச்சு இருப்பதாகவே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. துருவைத் தடுக்க ஒரு பூச்சு, அதன் மேடுபள்ளங்களை நிரவ ஒரு பூச்சு, நிறம் தர ஒரு பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலாக நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற ஒரு பூச்சு எனப் பல அடுக்குகள் உள்ளன. அந்த மேற்பூச்சைப் பட்டறைக்காரர்கள் கிளியர் கோட் என்பார்கள். பழைய அம்பாசடர் கார்களுக்கு மெருகேற்றியவர்கள் ஒன்றை அறிவார்கள்: தேய்த்த துணியில் காரின் நிறமே வந்து ஒட்டிக்கொள்ளும். அவற்றில் நிறப்பூச்சே மேற்பூச்சாகவும் இருந்தது. 1980களில் பல நாட்டுக் கார்களிலும் நிறமற்ற மேற்பூச்சு பரவலாயிற்று. இன்று நாம் காண்கின்ற பளபளப்பு அந்த மேற்பூச்சின் பளபளப்பே.

அதன் கனம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நம் தலைமயிரின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான். காரின் மேற்பூச்சோ பெரும்பாலும் 40 அல்லது 50 மைக்ரான்தான். தலைமயிரினும் மெல்லிய அந்தத் தோலே வெயிலையும் மழையையும் தாங்கி, கீழே உள்ள நிறத்தைக் காத்து நிற்கிறது.

இனிப் புழுதிக்கு வருவோம். மண்ணில் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லின் துகள்கள் மிகுதி. கனிமங்களின் கடினத்தை ஒப்பிட, ஜெர்மானிய அறிஞர் மோஸ் 1812ஆம் ஆண்டு ஓர் அளவுகோலை வகுத்தார். அதில் வைரத்துக்கு 10; குவார்ட்ஸுக்கு 7. சன்னல் கண்ணாடியையே கீறிவிடும் குவார்ட்ஸ், அதனினும் மென்மையான மேற்பூச்சை என்ன செய்யாது? உலர்ந்த துணியால் புழுதியைத் துடைப்பது, உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்குச் சற்றே குறைவான செயல்தான். சிலந்தி வலையின் புதிரும் இதனால் விளங்கும். கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. ஆயினும் ஒளியைச் சுற்றி வளைந்து செல்வனபோல் அமைந்த கீறல்கள் மட்டுமே அதை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. அதனால்தான் வலை எப்போதும் சூரியனின் பிம்பத்தைச் சுற்றியே தோன்றுகிறது.

“இதை நீக்க முடியாதா?” என்று பெரியவரைக் கேட்டேன். “முடியும். ஆனால் கீறலை எடுப்பது என்றால் என்ன என்று தெரிந்துகொள். கீறலை யாரும் நிரப்புவதில்லை. அதைச் சுற்றியுள்ள தோலைக் கீறலின் ஆழம்வரை இழைத்து எடுத்துவிடுகிறோம். ஒவ்வொரு முறையும் தோல் குறையும். குறைந்த தோல் மறுபடி வளராது” என்றார்.

நண்பர்களே, நான் சொல்ல வந்த செய்தியின் சாரம் இதுதான். பாலிஷ் என்பதும் மெழுகு என்பதும் ஒன்றே எனப் பலர் மயங்குகிறார்கள். பாலிஷ் தோலைக் குறைப்பது. மெழுகு தோலின்மேல் ஒரு போர்வையைச் சேர்ப்பது. வணிகர் மொழியில் சொன்னால், மேற்பூச்சு முதல், மெழுகு கைச்செலவு. கைச்செலவுக்கு வேண்டியதை அவ்வப்போது ஒதுக்குகிறவன் முதலில் கைவைப்பதில்லை.

அப்படியாயின் காரை வீட்டிலேயே எவ்வாறு பேணுவது? பெரிய கருவி எதுவும் வேண்டா. இரண்டு வாளி, காருக்கென்று விற்கும் ஷாம்பு, மைக்ரோஃபைபர் துணிகள் சில, சிறிது பொறுமை, இவை போதும். முதலில் காரை நிழலில் நிறுத்தி, தகடு ஆறும்வரை காத்திருங்கள். பிறகு எதையும் தொடாமல், மேலிருந்து கீழாகத் தண்ணீரை ஊற்றுங்கள். பெரும்பாலான மணல் அந்த நீரோடு போய்விடும். புழுதியை நீர் கொண்டு போகட்டும். கை கொண்டு போக வேண்டா.

அடுத்து, ஒரு வாளியில் ஷாம்பு கலந்த நீரும், மற்றொன்றில் வெறும் நீரும் இருக்கட்டும். துணியை ஷாம்பு நீரில் தோய்த்து, ஒரு பகுதியை மெல்லக் கழுவியபின், வெறும் நீரில் அலசிவிட்டு மீண்டும் ஷாம்புக்குக் கொண்டுசெல்லுங்கள். துணியில் ஏறிய மணல் வெறும் நீர் வாளியின் அடியில் தங்கிவிடும். காருக்குத் திரும்பி வராது. கூரையில் தொடங்கிச் சக்கரத்தருகே முடியுங்கள். துணி தரையில் விழுந்துவிட்டால் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுங்கள். துணி சோப்புத் தூளைப் பயன்படுத்த வேண்டா. அதன் காரம் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதோடு மெழுகையும் எடுத்துவிடும். மண்ணெண்ணெயால் துடைத்துப் பளபளப்பாக்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அந்தப் பளபளப்பு ஒரு நாளைக்குத்தான். எஞ்சும் பிசுக்கு மறுநாள் புழுதியை வரவேற்று உட்கார வைக்கும்.

கழுவியபின் காரைத் தானே உலரும்படி விட்டுவிடாதீர்கள். நம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் கடின நீரே கிடைக்கிறது. வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் வெள்ளையாகப் படியும் சுண்ணம் எதுவோ, அதுவே காரின்மேல் உலர்ந்த துளிகளின் வட்டக் கறையும் ஆகும். ஈரம் இருக்கும்போதே மென்துணியை விரித்து ஒற்றி எடுத்துவிட்டால் கறைக்கு இடமில்லை.

நம் சாலைகளின் ஓரத்துப் புளியமரங்களும் கல்வராயன் மலையின் கடுக்காய் மரங்களும் வண்டிக்கு நல்ல நிழல் தருவன. ஆயினும் அந்த நிழலுக்கு ஒரு கூலி உண்டு. பறவையின் எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் சூடேறி மென்மையான பூச்சில் அது தழும்பை உண்டாக்கிவிடும். கடுக்காயின் துவர்ப்பொருளோ தோல் பதனிடவும் சாயம் ஏற்றவும் உதவுகின்ற அளவுக்கு வலிமை உடையது. இவை விழுந்தால் சுரண்டலாகாது. நனைத்த துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டு ஊறவிட்டு, மெல்ல எடுத்துவிட வேண்டும். அன்றே செய்வது நன்று. மறுவாரம் செய்வது வீண்.

இறுதியாக மெழுகு. கல்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் தேனெடுப்பதில் வல்லவர்கள். தேனடையின் மெழுகையே காருக்குப் பூசலாமே என்று நானும் எண்ணியதுண்டு. ஆனால் தேன்மெழுகு ஏறக்குறைய 63 பாகை செல்சியஸில் உருகிவிடும். சித்திரை வெயிலில் நிற்கும் கரிய தகடோ 60, 70 பாகைவரை சூடேறக்கூடும். பிரேசில் நாட்டில் கார்னௌபா என்றொரு பனைமரம் உண்டு. கடும் வெயிலில் தன் ஈரத்தைக் காத்துக்கொள்ள அது இலைகளின்மேல் மெழுகைச் சுரக்கிறது. அந்த மெழுகு 80 பாகைக்கு மேல்தான் உருகும். இலையைக் காத்த மெழுகே காரையும் காக்கிறது! அதை மெல்லிய படலமாகப் பூசி, சற்று உலர்ந்தபின் வேறொரு துணியால் துடைத்துவிட வேண்டும். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பூசினால் போதும். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாகத் திரண்டு உருளுமானால் மெழுகு இருக்கிறது. பரவிப் படுத்துக்கொண்டால் அது தீர்ந்துவிட்டது. இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு கை நீர். இன்று சிலிக்கா சார்ந்த செராமிக் பூச்சுகளும் வந்துள்ளன. அவை பல மாதங்கள், சில ஆண்டுகள்கூட நீடிக்கும். ஆனால் அவற்றைப் பூசிய காரையும் உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழாமற் போகாது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மலைக்குச் செல்கிறவர்கள் ஓடையைக் கண்டதும் காரை அதில் இறக்கிக் கழுவுவது உண்டு. அந்த ஓடை கீழே பலருக்குக் குடிநீர். வண்டியின் எண்ணெயையும் நுரையையும் அதில் கலப்பது முறையன்று. ஓடை நீரில் மிதக்கும் நுண்மணல் காருக்கும் நன்மை செய்யாது.

என் அண்ணன் காருக்கு அந்தப் பெரியவர் ஒரே ஒரு முறை மெருகேற்றிக் கொடுத்தார். அதற்கான கூலியை, விடுமுறையில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து நான் சிறுகச் சிறுக அடைத்தேன். அதன் பிறகு அந்தக் காரைக் கழுவும் பொறுப்பை அண்ணன் என்னிடமே விட்டார். பல ஆண்டுகள் ஓடி, கடன் தீர்ந்து, வேறொருவருக்கு விற்கும் நாள் வந்தது. வாங்க வந்தவர் காரை வெயிலில் நிறுத்தச் சொன்னார். பானட்டின்மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அவர் நிமிர்ந்து, “வண்டியை யார் பார்த்துக்கொண்டது?” என்று கேட்டார்.

அண்ணன் அப்போதும் அதிகம் பேசவில்லை. “தம்பி” என்று மட்டும் சொன்னார்.