ஒருவருக்கென எழுதும் சொல்

(ஆய்க்குடியில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஆய் அண்டிரனின் ஊர் இந்த ஆய்க்குடி என்பது மரபு. அவனது அரண்மனை இன்று இல்லை. அவன் பரிசிலாக வழங்கிய யானைகளும் இல்லை. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் அவனை நினைந்து பாடிய பாடல்கள் மட்டும் புறநானூற்றில் நிலைத்திருக்கின்றன. ஒரு புலவர் ஒரு மனிதனுக்கெனச் சொன்ன சொல், ஊர்ப்பெயரையும் உடன் சுமந்துகொண்டு, ஏறத்தாழ 2000 ஆண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது.

அண்மைக் காலச் சான்று அருகிலுள்ள குற்றாலத்தில் இருக்கிறது. ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் தம் பிற்காலத்தில் வாழ்ந்த ஊர் அது. ராஜாஜி, கல்கி, நீதிபதி எஸ்.மகராஜன், தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான் முதலியோர் அவருடைய நட்பு வட்டத்தினர். 1954இல் ரசிகமணி மறைந்த பின், நண்பர்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் நூலாக வெளிவந்தன. நேரில் அமர்ந்து பேசுவது போன்ற இயல்பான தமிழில் அமைந்தவை அவை. இங்கே எண்ணத்தக்கது ஒன்றுண்டு. கடிதம் எழுதியவரிடம் இருப்பதில்லை; பெற்றவரிடமே இருக்கிறது. பெற்றவர்கள் பொருளெனப் போற்றி வைத்திருந்தமையாலேயே அவை நூலாயின. தமக்கென எழுதப்பட்டதை மனிதர் எளிதில் எறிவதில்லை.

இன்று அஞ்சல் வழி குறுகி வருகிறது. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுற்றது. டென்மார்க்கில் 400 ஆண்டுகளாக நடைபெற்றுவந்த கடிதப் பட்டுவாடாவை அந்நாட்டு அரசு அஞ்சல் நிறுவனம் 2025 இறுதியுடன் நிறுத்தியது. அஞ்சற்பெட்டி மறைவதற்காக வருந்திப் பயனில்லை. கைப்பேசி பகையும் அன்று. உடற்குறையுற்றோருக்காக 1981 முதல் இவ்வூரில் தொண்டாற்றிவரும் அமர் சேவா சங்கத்தை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். பேனா பிடிக்க இயலாத கைக்கும் எழுதும் வழியைத் திறந்து வைப்பது அக்கருவியே.

குறை கருவியில் இல்லை. அதைக் கையாளும் முறையில் இருக்கிறது. விடியற்காலையில் பூப்படத்துடன் வரும் வணக்கம் நூறு பேருக்கு ஒரே நொடியில் செல்கிறது. அதில் யாருடைய பெயரும் இல்லை. அனுப்பியவர் எவரையும் நினைக்கவில்லை. பெற்றவரும் அதை உணர்ந்தே விரலால் தள்ளிவிடுகிறார்.

இதன் இழப்பு க்ஷமாவணி நாளில் மிகுதியாகத் தெரிகிறது. மன்னிப்பு வேண்டும் படமொன்று உறவினர் குழு முழுவதற்கும் அனுப்பப்படுகிறது. வரப்புத் தகராறில் பத்தாண்டுகளாகப் பேசாத அண்ணனும் அக்குழுவில் இருப்பார். படம் அவரையும் அடைகிறது; ஆனால் தம்பி அவரிடம் மன்னிப்புக் கேட்டதாக ஆகுமா? “அண்ணா, அன்று நான் சொன்ன சொல் தவறு” என்னும் ஒரு வரி, ஆயிரம் படங்கள் செய்யாததைச் செய்யும். அந்த வரியை எழுதுவதற்குக் கூச்சம் உண்டு. அக்கூச்சத்தை வெல்வதே தவம்.

பிழைப்பின் பொருட்டுக் குடும்பங்கள் சென்னை, பெங்களூரு, அயல்நாடுகள் எனப் பிரிந்து வாழ்கின்றன. ஊரில் தனித்திருக்கும் பாட்டிக்குத் தமிழ் எழுத்து மட்டுமே தெரியும். பேரனுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. இந்த இடைவெளியை எந்தக் கருவியும் நிரப்பாது. வாரம் இரண்டு வரி பாட்டிக்கெனத் தமிழில் எழுதப் பழகும் குழந்தை, மொழியையும் உறவையும் ஒருங்கே பெறும்.

செய்யத்தக்கவை சிலவே. தொடக்கத்தில் பெறுபவரின் பெயரை அல்லது உறவுமுறையை எழுதுதல். அவரும் எழுதுபவரும் மட்டுமே அறிந்த ஒன்றைக் குறிப்பிடுதல். பதில் வேண்டும் கேள்வி ஒன்றைக் கேட்டல். வந்த பதிலை மறவாமல் படித்தல். கைப்பேசி பழுதானால் அதிலுள்ளவையும் அழியக்கூடும் என்பதால், ஆண்டுக்குப் பத்துச் செய்திகளையேனும் தாளில் அச்சிட்டு வீட்டுப் பெட்டியில் வைத்தல் நன்று.

இவ்விழா நிறைவுறும் முன், ஒவ்வொருவரும் நெடுநாள் பேசாத ஒருவருக்கு, அவர் பெயரிட்டு, நான்கு வரிகள் எழுதுவாராக. தாளாயினும் கைப்பேசியாயினும் தடையில்லை. அவ்வரிகள் அந்த ஒருவருக்கென்றே எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.