முடிவும் எல்லையும்

சித்தூரிலும் திருப்பதியிலும் கடையோ வீடோ வாடகைக்கு எடுத்து வாழும் தமிழன்பர்களுக்கு ஒரு சொல்லைப்பற்றி எச்சரிக்கை கூற விரும்புகிறேன். ‘டிட்டர்மின்’ என்பது அந்த ஆங்கில வினைச்சொல். ‘தீர்மானித்தல்’ என்றே பள்ளியில் பொருள் கற்றோம். வக்கீல் நோட்டீஸில் அதைக் கண்டு, “குத்தகை தீர்மானமாயிற்று, இனிக் கவலையில்லை” என்று மடித்து வைத்தால் இடர் விளையும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 111-ஆம் பிரிவில், குத்தகை முடிவுறும் வகைகளைக் கூற அச்சொல்லையே ஆளுகிறது. வழக்கையோ தொகையையோ பற்றி வந்தால் தீர்மானித்தல்; குத்தகையையோ ஒப்பந்தத்தையோ பற்றி வந்தால் முடிவுறுதல் எனக் கொள்க.

இரு பொருள் வந்தது எவ்வாறு? அதன் வேர் ‘டெர்மினுஸ்’ என்னும் லத்தீன் சொல். எல்லை என்பது பொருள். எல்லையிட்ட இடத்தில் ஒன்று முடிகிறது. எதுவரை என்பதும் உறுதியாகிறது. நம் ‘முடிவு’ என்ற சொல்லும் இவ்விரண்டையும் தாங்குகிறதன்றோ? ‘தீர்’ என்பதிலிருந்து தீர்தலும் பிறந்தது, தீர்ப்பும் பிறந்தது. தெலுங்கிலும் தீர்ப்பு தீர்ப்பே.

இதனை இவ்வட்டாரத்தார் பட்டறிந்தவர்கள். 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. எல்லை வழக்கும் எழுந்தது. பாடஸ்கர் பரிந்துரையின் வழியே 1959-இல் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. எல்லை தீர்மானமாயிற்று, ஆனால் தமிழ் அங்கே முடிந்துவிடவில்லை. வீதியில் தெலுங்கும் வீட்டில் தமிழுமாக வாழ்வோர் இன்றும் உளர். எல்லையைத் தீர்மானித்தது அரசு. வீட்டுமொழி தொடர்வதும் முடிவதும் நம் தீர்மானமே.