காசநோய்க் கிருமியின் கேடயம்

நெல்லறுக்கும்போது அரிவாள் பட்ட காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் வெண்ணுரை பொங்குவதற்குக் காரணம், குருதியிலுள்ள கேட்டலேஸ் என்னும் நொதி அதனை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடுவதேயாகும். காசநோய்க் கிருமி உயிர்தப்புவதும் ஏறக்குறைய இதே உத்தியால்தான். நுரையீரலில் நுழையும் கிருமியைப் பெருவிழுங்கணு எனப்படும் வெள்ளணு விழுங்கி, அதன்மீது பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றப் பொருள்களைப் பாய்ச்ச, கிருமியோ கேட்-ஜி என்னும் தன் நொதியால் பெராக்சைடைச் சிதைத்துவிடுகிறது. மைக்கோதயால் என்னும் கந்தகச் சேர்மமும் அதற்குத் துணைநிற்கிறது.

1956இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு மையத்தின் நோயாளிகளிடமிருந்து பெற்ற கிருமிகளைப் பிரிட்டனின் கிருமிகளோடு ஒப்பிட்ட சுப்பையா, மிட்சிசன், செல்கான் ஆகியோர், இந்தியக் கிருமிகளில் பல பெராக்சைடுக்கு எளிதில் மடிவதை 1960இல் வெளியிட்டனர். கினிப்பன்றிகளிலும் அத்தகையவை பெரும்பாலும் வீரியம் குன்றியே காணப்பட்டன. மனிதரிடத்தில் நோயின் கொடுமை அதனால் குறைந்துவிடவில்லை என்பது வேறு செய்தி.

இதைவிட வியப்பானது ஐசோனியசிட் மருந்தின் செயல். அது தானாகக் கிருமியைக் கொல்வதில்லை. கிருமியின் கேடயமாகிய கேட்-ஜி நொதியே அதைக் கொல்லும் பொருளாக மாற்றிக்கொடுக்கிறது. ஆதலால் அந்நொதியை இழந்த கிருமி மருந்துக்கு அசையாவிட்டாலும், பெராக்சைடுக்கு எதிரான தன் முதன்மைக் காப்பை இழந்துவிடுகிறது. தஞ்சை மாவட்ட அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கு இலவசமாக வழங்கப்படும் கூட்டு மாத்திரையில் ஐசோனியசிட் இன்றும் இடம்பெற்றுள்ளது.