பிரேக் போனது என்றால் எங்கே போனது?

(சிவகாசியில் லாரி டிரைவர்கள், கிளீனர்கள், சுமைத் தொழிலாளர்கள் கூடிய கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கையில் ஒரு சாமான் கொண்டு வந்திருக்கிறேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு சாண் நீளமுள்ள குழாய், பென்சில் பருமன்தான். லாரியில் பிரேக் ஆயில் போகிற பைப். கிளிப் கழன்றுபோய், சேஸிஸ் இரும்பில் உரசி உரசி, ஒரு பக்கம் மெலிந்திருக்கிறது. மெலிந்த இடத்தில் ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை. அவ்வளவுதான். இந்த ஓட்டையைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

"பிரேக் பிடிக்காததால் லாரி கவிழ்ந்தது" என்று பத்திரிகையில் படிக்கிறோம். ஏதோ மழை பெய்யவில்லை என்பதுபோல எழுதிவிடுகிறார்கள். பிரேக் தானாகப் போகிற சாமானா? போவதற்கு முன்னால் பத்து நாள், இருபது நாள் சொல்லிக்கொண்டேதான் போகிறது. கேட்க ஆள் இல்லை. கேட்டவனுக்கு வாய் இல்லை.

வாய் இல்லாமல் இருந்தவர்களில் நானும் ஒருவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பத்தாவது பாஸ் செய்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவன், ஒரு லாரியில் கிளீனராக ஏறினேன். சாத்தூர்ப் பக்கமிருந்து தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டு, செங்கோட்டை, புளியரை வழியாக மலையாளத்துக்குப் போவோம். திரும்பும்போது தீக்குச்சிக்கு வேண்டிய மரம் ஏற்றி வருவோம். வண்டி என் வயதுக்குச் சமமான வண்டி. டிரைவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். தம்பி போல என்னை நடத்தினார்.

அந்த மாதம் சீட்டுக்கு அடியில் இருந்த பிரேக் ஆயில் பாட்டில் சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்தது. தினம் ஊற்றியவன் நான்தான். ஆயில் எரிந்துபோகிற சாமான் அல்ல. குறைகிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். பின்சக்கரம் ஒன்றின் பைப்பை ஏற்கெனவே சுத்தியலால் தட்டி அடைத்துவிட்டு, மூன்று சக்கரப் பிரேக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி எஸ்.டி.டி. பூத்திலிருந்து முதலாளிக்குப் போன் போட்டார். "இந்த லோடை இறக்கிட்டு வாப்பா, பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தது. இந்த "பார்த்துக்கலாம்" என்ற சொல்லைக் கேட்காத டிரைவர் இந்தக் கூட்டத்தில் இருந்தால் கையைத் தூக்குங்கள்.

கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்குகிற எஸ் வளைவு உங்களுக்குத் தெரியும். அங்கே பெடல் பலகையோடு போய் ஒட்டிக்கொண்டது. அண்ணாச்சி இரண்டாவது கியரிலேயே இறங்குகிற பழக்கமுள்ளவர். அதனால்தான் நான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன். வண்டியைப் பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப் பக்கத்து ஓடையில் இறக்கிப் பாறையில் உரசி நிறுத்தினார். நான் கட்டையோடு குதித்தேன். பின்னாலிருந்த மரத்தடி ஒன்று மட்டும் நழுவி, கேபினைப் பிய்த்துக்கொண்டு வந்து அவர் தோளில் இறங்கியது. அதற்குப் பிறகு அவருடைய வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. லாரியும் ஓட்டவில்லை.

போலீசார் கேட்டார்கள். வண்டிக்கு எஃப்.சி. இருந்தது, பேப்பர் எல்லாம் சரியாக இருந்தது. "பிரேக்கில் ஏதாவது குறை இருந்ததா?" என்று என்னைக் கேட்டார்கள். "தெரியாது சார்" என்றேன். தினமும் ஆயில் ஊற்றிய கை இது! வேலை போய்விடும் என்ற பயம். கவனக்குறைவாக ஓட்டினார் என்று அண்ணாச்சி பேரில் கேஸ் எழுதினார்கள். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆயில் பிரேக் எப்படி வேலை செய்கிறது? பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் பைப் வழியாகப் போய், சக்கரத்திலுள்ள சிலிண்டரைத் தள்ள, பிரேக் ஷூ விரிந்து டிரம்மைப் பிடிக்கிறது. ஓங்கி மிதிக்கும்போது அந்தப் பைப்புக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 70, 80 கிலோ அழுத்தம் இருக்கும். லாரி டயரில் இருப்பதைப்போலப் பத்து மடங்கு! அதில் ஓட்டை விழுந்தால் ரப்பர் துண்டைச் சுற்றிக் கம்பியால் கட்டி ஓட்டுகிறார்களே, அது நிற்குமா? சமதரையில் லேசாக மிதிக்கும்போது நிற்கும். உயிருக்காக ஓங்கி மிதிக்கிற அந்த ஒரு நாளில் நிற்காது.

பழைய வண்டிகளில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே வழி. ஒரு சக்கரத்தில் ஒழுகினாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. பிறகு வந்த வண்டிகளில் முன்னுக்கு ஒரு வழி, பின்னுக்கு ஒரு வழி என்று பிரித்தார்கள். ஏர் பிரேக் வண்டிகளில் இன்னொன்றும் செய்தார்கள்: காற்று தீர்ந்தால் ஸ்பிரிங் தானே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும்படி வைத்தார்கள்.

இது புது யோசனையா? ரயிலில் போகிறோம். அபாயச் சங்கிலியை இழுத்தால் வண்டி ஏன் நிற்கிறது? சங்கிலி பிரேக்கைப் பிடிப்பதில்லை. பிரேக் குழாயைத் திறந்துவிடுகிறது. குழாயிலுள்ள காற்று வெளியே போனவுடனே பிரேக் தானாகப் பிடிக்கிறது. அதாவது குழாய் உடைந்தால் வண்டி நிற்கும்! அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் என்பவர் 1869-ல் ரயிலுக்குக் காற்றுப் பிரேக் செய்தார்; குழாய் அறுந்தால் பிரேக் போய்விடும் என்ற குறை அதில் இருந்தது. 1872-ல் அதையே தலைகீழாக மாற்றினார். ஆனால் பிரிட்டனில் பல ரயில் கம்பெனிகள் செலவு என்று தட்டிக் கழித்தன. 1889 ஜூன் 12-ந் தேதி அயர்லாந்தில் அர்மா என்ற ஊருக்கு அருகே, உல்லாசப் பயணம் புறப்பட்ட ஒரு ரயில் மேட்டில் ஏற முடியாமல் நின்றது. பெட்டிகளைப் பாதியாகப் பிரித்தார்கள். பிரித்தவுடன் பின்பாதிக்குக் கைப் பிரேக்கைத் தவிர வேறு பிரேக் இல்லை. சக்கரத்துக்கு அடியில் கல் வைத்துப் பார்த்தார்கள். நம் கிளீனர் கட்டை போடுவதைப்போலத்தான்! பெட்டிகள் கல்லை நசுக்கிக்கொண்டு பின்னோக்கி உருண்டு, அடுத்து வந்த ரயிலில் மோதின. சுமார் 80 பேர் இறந்தார்கள். ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் பலர். அந்த வருஷமே பார்லிமெண்டில் சட்டம் போட்டு, பிரயாணிகள் ரயிலுக்குத் தானியங்கிப் பிரேக்கைக் கட்டாயமாக்கினார்கள். யந்திரம் 17 வருஷத்துக்கு முன்பே இருந்தது. வாங்கி மாட்டத்தான் 80 உயிர் வேண்டியிருந்தது.

நம் வட்டாரத்துக்கு இது ஏன் முக்கியம்? நம் லாரிகளில் ஏறுவது பட்டாசு. 2016 அக்டோபர் 20-ந் தேதி சிவகாசி புறவழிச் சாலையில் வண்டியில் பட்டாசு ஏற்றும்போது தீப்பிடித்து, பக்கத்து ஸ்கேன் மையத்துக்குள் புகை புகுந்து, 8 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். நின்ற வண்டியிலேயே இந்தக் கதி. பிரேக் என்றால் பிடிக்காமல் போவது மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்துக்கொண்டால், போன ஆயில் திரும்பாது. ஷூ டிரம்மைத் தேய்த்துக்கொண்டே ஓடும். டிரம் கொதித்து, கிரீஸ் உருகி, டயர் பற்றிக்கொள்ளும். மேலே இருப்பது வெடிச் சரக்கு. பத்துப் பதினைந்து மைல் ஓடியதும் இறங்கி ஒவ்வொரு டிரம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடாதீர்கள், பக்கத்தில் கொண்டுபோனால் போதும். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே கோளாறு.

சூட்டுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 16 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்குகிறது. வேகம் கூடாமல் இருக்க வேண்டுமானால், ஐம்பது லிட்டர் தண்ணீரைப் பச்சையிலிருந்து கொதிக்க வைக்கும் அளவுக்குச் சூட்டை எங்காவது தள்ளியாக வேண்டும். குறைந்த கியரில் இறங்கினால் இஞ்சின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால்? காற்றும் சாலையும் வாங்குவது கொஞ்சம், மற்றதெல்லாம் டிரம்மில்தான். டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். ஆயில் பிரேக்கானால் ஆயிலே கொதிக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிற சாமான். சாதாரண ரகம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும். நூற்றுக்கு நாலு பங்குகூடத் தண்ணீர் சேர வேண்டாம், 140-க்கு இறங்கிவிடும். கொதித்தால் பைப்புக்குள் ஆவி. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பைப்பில் ஓட்டையே இல்லாமல் பிரேக் போவது இப்படித்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டுப் புது ஆயில் விட வேண்டும். அவசரத்துக்கு இஞ்சின் ஆயிலை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளேயிருக்கும் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுப்போகும். அது பிரேக்கைக் கொல்கிற வேலை.

டீசல் மிச்சம் பிடித்தால் பேட்டாவில் நாலு காசு கூட என்று நியூட்ரலில் இறக்குகிறோம். தோழர்களே, அந்தப் பழக்கத்தை நமக்குப் பழக்கியவர்கள் இறக்கத்தில் நம்மோடு வருவதில்லை. ஏர் பிரேக் வண்டியில் இஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறவனும் உண்டு. கம்ப்ரெஸர் நின்றுவிட்டது, டேங்கில் இருக்கிற காற்றுத்தான் கையிருப்பு. பெடலை அடிக்க அடிக்கக் கையிருப்பும் கரையும். வடக்கே சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் நமக்கு இறக்கம். 2020 டிசம்பரில் அங்கே கட்டுப்பாடு இழந்து வந்த ஒரு லாரி, வரிசையாக நின்ற வண்டிகளில் மோதி 4 பேர் இறந்தது நினைவிருக்கும்.

எடை விஷயம். இரண்டு அச்சு லாரிக்கு மொத்த எடை 16.2 டன் என்று இருந்தது. 2018-ல் 18.5 டன்னாக உயர்த்தினார்கள். காகிதத்தில் எண் மாறியதால் பழைய வண்டியின் டிரம் அகலமாகிவிடுமா? வேகம் இரட்டித்தால் நிறுத்தும் தூரம் நாலு மடங்கு. அதன் மேல் எடையும் ஏறினால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

விவசாயத் தொழிலாளர் தோழர்கள், மில் தோழர்கள், "இது லாரிக்காரர் பிரச்னை" என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். களையெடுக்க நீங்கள் போகிற டிராக்டரின் பின்வண்டிக்குப் பிரேக் இருக்கிறதா என்று ஒருநாள் குனிந்து பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடிக்குக் குடும்பத்தோடு போவதும் சரக்கு வண்டியில்தான். சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்பவருக்கு நஷ்ட ஈடு தர இன்சூரன்ஸ் கம்பெனி கட்டுப்பட்டதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? நாம் பயப்படுகிற அளவுக்கு அது டிரைவரை மட்டும் பார்க்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 190ஆம் பிரிவைப் படியுங்கள். குறையுள்ள வண்டியை ஓட்டுகிறவன் மட்டுமல்ல. ஓட்டச் செய்கிறவர், ஓட்ட அனுமதிக்கிறவர் எல்லாரும் குற்றவாளி. குறை தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை; சாதாரணக் கவனம் இருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும். கூடுதல் பாரத்துக்கு 113ஆம் பிரிவு இருக்கிறது. டிரைவர் அதிக பாரத்தோடு பிடிபட்டால், முதலாளிக்குத் தெரிந்தே நடந்தது என்று கோர்ட் அனுமானிக்கலாம். ஆனால் சட்டப் புத்தகம் தானாக வாய் திறக்காது. "சொன்னேன்" என்று நிரூபிக்க நம்மிடம் எழுத்து வேண்டும். எங்கள் அண்ணாச்சி போனில் சொன்னார். போனில் சொன்னது காற்றோடு போயிற்று. எழுதியிருந்தால், இந்தக் கோழைக் கிளீனரின் சாட்சி அவருக்குத் தேவைப்பட்டிருக்காது.

எஃப்.சி. இருக்கிறதே என்பார்கள். எட்டு வருஷம் வரையுள்ள வண்டிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேற்பட்டதற்கு வருஷம் ஒருமுறை. நல்லது. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பது ஒரு நாள். மீதி 364 நாளும் இன்ஸ்பெக்டர் யார்? நீங்களும் கிளீனரும்தான். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஆயில் பிரேக்கானால், காலையில் புறப்படுவதற்கு முன் பெடலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. நாலு முறை மிதித்த பிறகுதான் உயர்கிறது என்றால் உள்ளே ஏர் இருக்கலாம், லைனிங் தேய்ந்திருக்கலாம். டயரின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது. ஏர் பிரேக்கானால், காற்று நிரம்பியதும் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, இஞ்சினை நிறுத்திப் பெடலை அழுத்திக்கொண்டு மீட்டரைப் பாருங்கள். முதலில் ஒரு இறக்கம் இறங்கி நிற்கும். அதற்குப் பிறகு ஒரு நிமிடத்தில் 3 பவுண்டுக்கு மேல் இறங்கக் கூடாது. தனி லாரிக்கு அமெரிக்காவில் லைசென்ஸ் கேட்கிறவன் இதைச் செய்து காட்டினால்தான் லைசென்ஸ். டேங்கின் அடியிலுள்ள குழாயைத் தினம் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். வடிக்காத தண்ணீர்தான் டேங்கையும் வால்வையும் தின்கிறது.

பார்த்ததை எழுதுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று, கார்பன் தாள் ஒன்று. தேதி, வண்டி எண், குறை, சொன்ன நேரம். ஒரு பிரதி முதலாளிக்கோ மேனேஜருக்கோ. ஒன்று உங்கள் சட்டைப் பையில். கையெழுத்துப் போட மறுத்தால் "மறுத்தார்" என்று எழுதிக்கொள்ளுங்கள். இப்போது வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பவும் வசதி இருக்கிறது. தேதியும் நேரமும் தானே விழுகிறது. எழுதுகிற டிரைவரை நீக்கிவிட்டு எழுதாதவனை ஏற்றினால் என்ன செய்வது என்று முன்வரிசையில் ஒரு தோழர் கேட்கிறார். ஒருத்தர் எழுதினால் நீக்குவார்கள். பேட்டையில் நிற்கிற அத்தனை பேரும் எழுதினால் யாரை நீக்குவார்கள்? எழுதாதவன் தனக்கு நல்லது என்று ஏறுகிறான். அந்த பெடல் அவன் காலுக்கும் ஒன்றுதான். அவனிடமும் போய்ப் பேசுங்கள்.

மேடைப் பேச்சு இவ்வளவு போதும். வெளியே நம் தோழர் ஒருவருடைய பழைய லாரி நிற்கிறது, கட்டை போட்டிருக்கிறோம். பட்டறைத் தோழர் டார்ச் லைட்டோடு வந்திருக்கிறார். கிளீனர் தம்பிகள் முதலில் வாருங்கள். ஆளுக்கொரு சாக்கை விரித்துக்கொண்டு அடியில் படுங்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஆரம்பித்துப் பின்சக்கரம் வரை பைப்பை விரலால் தடவிக்கொண்டே போக வேண்டும். கிளிப் இல்லாத இடம் எத்தனை என்று எண்ணிக்கொண்டு வெளியே வாருங்கள்.