அருவிக்கரையில் கடை போடுமுன்...



திற்பரப்பு அருவியையும், 1966-இல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் பார்க்க வரும் கூட்டத்தை நம்பி, கடன் வாங்கி நாமும் கடை போட்டோம். மழையில் கோதையாறு பெருகியதும் அருவியில் குளிக்கத் தடை. ஏத்தங்காய் சிப்ஸ் நமத்துப்போச்சு. தவணை மட்டும் நிற்கவில்லை.

குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். மூன்று பாடம் கற்றோம்:

ஒன்று, முதலில் உள்கடனில் சின்னதாகத் தொடங்குவோம்.

இரண்டு, எங்கும் கிடைக்கும் பாக்கெட்டை விட நம்ம முந்திரிக்கொத்தும் மட்டிப்பழமும் விற்போம். கன்னியாகுமரி மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. கூட்டம் இல்லாத நாளில் உள்ளூர்ச் சந்தையிலும் இவை விலைபோகும்.

மூன்று, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிட்டே விற்போம்.

குப்பையை ஆத்துல போடாதீங்க. அருவி அழகா இருந்தாத்தானே ஆளு வரும், நம்ம அடுப்பும் எரியும்!