பச்சை குத்திய கையும் தீட்டும்



சேலம், நாமக்கல் பக்கத்தில் பச்சை குத்தாத கிழவியைக் காண்பது முன்பெல்லாம் அரிது. நகைநட்டெல்லாம் இங்கேயே தங்கிவிடும், பச்சை மட்டுமே மேலுலகத்துக்குக் கூட வரும் என்று நம்பினார்கள். உடம்பே சாம்பலான பிறகு தோலிலிருந்த கோலம் எமனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கின்றோம்.

பச்சை குத்தியவர்கள் யார்? குறவர் பெண்கள். அகத்தி இலையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி எரித்து, அக்கரியைக் குழைத்து, ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, வலி தெரியாதிருக்கப் பாடிக்கொண்டே குத்தினார்கள். கூலி பெரும்பாலும் படி அரிசி. இரத்தத்தைத் தொடும்போது ஒட்டாத தீட்டு, அவர்கள் திண்ணையில் உட்கார்ந்தால் மாத்திரம் ஒட்டிற்றாம்!

சர்க்கார் மட்டும் சும்மா இருந்ததா? 1871இல் செய்த குற்றப்பரம்பரைச் சட்டத்தை 1911இல் சென்னை மாகாணத்திலும் புகுத்தி, பிறப்பையே குற்றமாக்கிக் குறவர் விரல்களில் ரேகை மையைப் பூசிற்று. இம்மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் ஒழிந்தது. ‘சேலம் உப்புக் குறவர்’ இன்று சீர்மரபினர் பட்டியலில் இருக்கின்றனர். ஆனால் திருட்டு என்றதும் அவர்களைத் தேடும் புத்தி ஒழிந்ததா?

பச்சையை நாம் வெறுக்கவில்லை. விரும்பியவர் குத்திக்கொள்ளட்டும். ஆனால் ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குக் குத்தினால் ஹெப்படைடிஸ் கிருமி பரவும். ஆளுக்கொரு புது ஊசி வேண்டும். பட்டணத்துக் கடையில் குத்தினால் ‘டாட்டூ’ கலை, குறவர் பெண் குத்தினால் இழிதொழிலா? அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, கடைக்காரருக்குக் கொடுக்கும் கூலியையே கொடுங்கள். அதுவே நாம் கேட்கும் சுயமரியாதை.