நோர்வேயில் போட்ட சட்டமும் நமது கமிட்டியும்



நோர்வேயில் பெரிய பொதுக் கம்பனிகளின் பணிப்பாளர் சபையில் நூற்றுக்கு 40 பேராவது பெண்கள் இருக்கவேண்டுமென 2003இல் சட்டம் போட்டார்கள். தாமாகச் செய்யட்டும் என்று விட்டபோது கம்பனிகள் அசையவில்லை. 2006இல் கட்டாயமாக்கி, இரண்டு வருடத் தவணை கொடுத்து, தவறினால் கம்பனியையே கலைப்போம் என்றார்கள். 2008இல் கதிரைகள் நிறைந்தன. “தகுதியான பெண்கள் இல்லை” என்றவர்களுக்கு அத்தனை பேரும் எங்கிருந்து கிடைத்தார்கள்? ஆனாலும் அங்கே கம்பனியை நடத்தும் முதற்பதவி இன்னும் பெரும்பாலும் ஆண்களிடம்தான்.

நமது மலைகளில் கொழுந்தெடுப்பது பெரும்பாலும் பெண்கள். சந்தா அவர்கள் சம்பளத்திலும்தான் கழிகிறது. தோட்டத் தலைவர் மட்டும் ஆண். கம்பனியைக் கேட்குமுன் நம்மையே கேட்போம்: அந்திக்குக் கூட்டம் வைத்தால், அடுப்படியில் நிற்கும் அக்கா எப்படி வருவார்? அடுத்த கமிட்டித் தெரிவைப் பகலில், சம்பள நாளில் வைப்போம். பாதி இடங்களுக்குப் பெண்களின் பெயரை இப்போதே எழுதுவோம்.